மோரே என்னும் விலாங்குப் பெயரின் வேரைத் தேடும் முறை

ஒரு சொல் எங்கிருந்து வந்தது என்று அறிய விரும்புவோரில் பலர், அகராதியில் அந்தச் சொல்லுக்கு எதிரே உள்ள இரண்டு வரிகளைப் படித்த உடனே தேடலை முடித்துக்கொள்கின்றனர். ஆங்கிலச் சொற்பிறப்பு அகராதிகளில் 'மோரே' என்ற சொல்லுக்குக் கிடைக்கும் விளக்கம் ஏறத்தாழ இவ்வளவுதான்: வெப்பமண்டல விலாங்கு வகை, 1620களில் ஆங்கிலத்தில் காணப்படுகிறது, போர்த்துகீசிய 'மொரேயா'விலிருந்து பிறந்தது, அதற்கு மூலம் இலத்தீன் 'மூரைனா', அதற்கும் மூலம் கிரேக்க 'மூரைனா' அல்லது 'ஸ்மூரைனா'. இந்த விளக்கத்தில் பிழை ஏதுமில்லை. ஆனாலும் ஒரு வழிமுறையை நம்பி ஏற்பதும், அதன் ஒவ்வொரு கண்ணியையும் நாமே இழுத்துப் பார்த்து உறுதி செய்வதும் ஒன்றல்ல. அப்படி இழுத்துப் பார்க்கும் முறையை இந்த ஒரே சொல்லை வைத்து இங்கே விளக்குகிறேன். மோரேயைத் தேர்ந்துகொண்டதற்குக் காரணம், வழியில் எங்கோ தொலைந்துபோன ஒரு னகரம், அந்தச் சொல்லைச் சுமந்து வந்தவர் யார் என்பதைக் காட்டிக்கொடுத்துவிடுவதுதான்.

பெயருக்கு முன் பொருள்

சொல்லின் வேரைத் தேடுவதற்கு முன், அது எந்த உயிரைக் குறிக்கிறது என்பதைத் திட்டமாக அறிந்துகொள்ள வேண்டும். மீன் பெயர்களில் இந்தப் படியைத் தாண்டிச் செல்பவர்கள் பெரும்பாலும் வழி தவறிவிடுகிறார்கள். மோரே என்பது முரேனிடே என்ற குடும்பத்தைச் சேர்ந்த ஏறத்தாழ 200 இனங்களுக்குப் பொதுப்பெயர். இவற்றுக்குச் செதில் கிடையாது. மார்புத் துடுப்பும் கிடையாது. முதுகுத் துடுப்பு தலைக்குப் பின்னாலிருந்து வால் வரை ஒரே நாடாவாக ஓடுகிறது. பாறை இடுக்கிலிருந்து தலையை மட்டும் நீட்டி, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கும் காட்சியைப் பார்ப்பவர்கள் அதைச் சீற்றம் என்று எண்ணுவர். உண்மையில் அது செவுள்களுக்குள் நீரைச் செலுத்தும் மூச்சு. வாய்த்தாடைக்கு அப்பால் தொண்டைக்குள் இன்னொரு தாடை இருந்து, அது முன்னே பாய்ந்து இரையைக் கவ்வி உள்ளே இழுக்கிறது என்பது 2007ஆம் ஆண்டில் விரிவாக விளக்கப்பட்டது.

அகராதி தரும் 'வெப்பமண்டல' என்ற அடைமொழியில் இங்கே சற்று நின்று யோசிக்க வேண்டும். மோரே இனங்களில் பெரும்பாலானவை வெதுவெதுப்பான கடல்களின் பவளப்பாறைகளில் வாழ்பவை என்பது உண்மை. ஆனால் கிரேக்கரும் உரோமரும் இந்தப் பெயரைச் சொல்லி அழைத்த மீன் மத்தியதரைக் கடலிலும் கிழக்கு அத்லாந்திக்கிலும் வாழும் ஒன்று. பழுப்பு உடலில் மஞ்சள் புள்ளிகள் கொண்டது. இன்றைய அறிவியல் பெயர் முரேனா ஹெலேனா. ஆகவே வெப்பமண்டலம் என்ற பொருள் சொல்லின் பிறப்பிலேயே இருந்ததன்று. மத்தியதரைக் கடல் மீனின் பெயரைக் கையில் வைத்திருந்த மாலுமிகள், தொலைதூரக் கடல்களில் அதன் உறவினங்களைக் கண்டபோது அதே பெயரால் அழைத்ததால் பின்னாளில் வந்து ஒட்டிக்கொண்ட பொருள் அது. பிறப்பிடத்துப் பொருளும் இன்றைய பொருளும் வேறுபடும் இடத்தைக் குறித்து வைத்துக்கொண்டால், தேடலின் பிற்பகுதியில் குழப்பம் வராது.

பொருளைச் சரிபார்க்காமல் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டால் என்ன நேரும் என்பதற்குப் புகழ்பெற்ற சான்று ஒன்று உண்டு. வேடியஸ் பொல்லியோ என்ற உரோமச் செல்வன், தவறு செய்த அடிமைகளைத் தன் குளத்து மூரைனாக்களுக்கு இரையாக எறிந்தான் என்று செனெக்காவும் பிளினியும் எழுதியுள்ளனர். விருந்துக்கு வந்திருந்த அகஸ்டஸ் சீசர், ஒரு படிகக் கிண்ணத்தை உடைத்ததற்காக இந்தத் தண்டனை பெறவிருந்த சிறுவனைக் காப்பாற்றி, அவ்வீட்டின் படிகக் கிண்ணங்கள் அனைத்தையும் உடைக்கச் சொல்லி, குளத்தையும் தூர்க்கச் செய்தார் என்பது செனெக்கா கூறும் செய்தி. இந்தக் கதையைப் பழைய ஆங்கில மொழிபெயர்ப்புகள் பலவற்றில் படித்தால், குளத்தில் இருப்பவை 'லாம்ப்ரே'க்கள். லாம்ப்ரே என்பதோ தாடையே இல்லாத, வட்ட வாயால் ஒட்டிக்கொள்ளும், பக்கத்துக்கு ஏழு செவுள் துளைகள் கொண்ட முற்றிலும் வேறான உயிர்; அது விலாங்குகூட அன்று. நீளமாகவும் வழுவழுப்பாகவும் இருப்பதெல்லாம் ஒன்றே என்று மொழிபெயர்ப்பாளர்கள் கருதியதால் நேர்ந்த பிழை இது. அகராதியிலோ நூலிலோ ஒரு மீன் பெயரைக் காணும்போது, அதற்குப் பக்கத்தில் உள்ள அறிவியல் பெயரையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளும் பழக்கம் இந்தப் பிழையிலிருந்து காக்கும்.

உடன்பிறப்புகளை வரிசையில் நிறுத்துதல்

இனி முறையின் இதயமான பகுதி. இலத்தீனிலிருந்து பிறந்த மொழிகளில் இந்த மீனுக்கு வழங்கும் பெயர்களை ஒரு தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதவும். இத்தாலியத்தில் 'மூரேனா', பிரெஞ்சில் 'மியூரேன்', ஸ்பானியத்தில் 'மொரேனா', போர்த்துகீசியத்தில் 'மொரேயா'. ஆங்கிலத்துக்கு இவற்றுள் எதிலிருந்து சொல் போயிருக்கும்? அகராதியின் விடையை மறைத்துவிட்டு, ஒலிகளை மட்டும் கொண்டு நாமே கண்டுபிடிக்க முடியுமா என்று பார்க்கலாம்.

முதல் சல்லடை முதல் அசை. இத்தாலியமும் பிரெஞ்சும் பழைய உகர ஒலியையோ அதற்கு நெருங்கிய ஒலியையோ வைத்திருக்கின்றன. ஸ்பானியமும் போர்த்துகீசியமும் அதை ஒகரமாக எழுதுகின்றன. ஆங்கில மோரேயிலும் ஓகாரமே இருப்பதால், முதலிரண்டும் பின்தங்குகின்றன. இரண்டாவது சல்லடை னகரம். நான்கு மொழிகளில் மூன்று அந்த னகரத்தை விடாமல் பிடித்திருக்க, போர்த்துகீசியம் மட்டும் அதைத் தொலைத்திருக்கிறது. ஆங்கிலத்திலும் னகரம் இல்லை. இரண்டு சல்லடையிலும் தங்குவது 'மொரேயா' ஒன்றுதான்.

ஆனால் இது தற்செயலாகவும் இருக்கலாம் அல்லவா? ஒரு சொல்லில் ஓர் ஒலி காணாமற்போனால் அது விபத்து. நூறு சொற்களில் அதே இடத்தில் அதே ஒலி காணாமற்போனால் அது விதி. எனவே அடுத்து, அதே அமைப்புள்ள வேறு சொற்களைத் தேடி எடுக்க வேண்டும். இலத்தீனில் நிலவு 'லூனா', ஸ்பானியத்தில் இன்றும் 'லூனா', போர்த்துகீசியத்தில் 'லூவா'. மணலுக்கு இலத்தீன் 'அரேனா', ஸ்பானியமும் 'அரேனா', போர்த்துகீசியம் 'அரேயா'. சங்கிலிக்கு இலத்தீன் 'கதேனா', ஸ்பானியமும் ஏறத்தாழ அதுவே, போர்த்துகீசியம் 'கதேயா'. ஓட்ஸ் தானியத்துக்கு 'அவேனா', 'அவேனா', 'அவேயா'. இரண்டு உயிர்களுக்கு இடையே தனித்து நின்ற னகரத்தைப் போர்த்துகீசியம் இடைக்காலத்திலேயே ஒழுங்காக விட்டுவிட்டது. 'ஏனா' என்று முடிந்தவை 'ஏயா' என்று முடிந்தன. 'மூரேனா' என்பது 'மொரேயா' ஆனதும் இதே வரிசையில் வந்து அமர்கிறது. விரல்ரேகை பொருந்திவிட்டது என்று இனித் துணிந்து சொல்லலாம்.

தமிழருக்கு இந்த முறை கைக்கு அருகிலேயே உள்ள ஒன்று. நாம் அன்றாடம் பயன்படுத்தும் 'சாவி' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளலாம். இலத்தீனில் திறவுகோலுக்கு 'க்ளாவிஸ்', இத்தாலியத்தில் 'கியாவே', ஸ்பானியத்தில் 'யாவே', போர்த்துகீசியத்தில் 'ஷாவே', பழைய ஒலிப்பில் 'சாவே'. சொல்லின் தொடக்கத்தில் இருந்த 'க்ள' என்ற கூட்டொலி சகரமாக மாறியது போர்த்துகீசியத்தின் பக்கம்தான். ஆகவே தமிழ்ச் சாவி எந்தக் கப்பலில் வந்து இறங்கியது என்று யாரும் சொல்லாமலே அறியலாம். மோரேக்கு னகரம் எப்படியோ, சாவிக்குச் சகரம் அப்படி.

ஒலி பொருந்தினாலும், அந்த இரு மொழியாளரும் சந்தித்த இடமும் காலமும் இருந்தாக வேண்டும். அதை அறிய, சொல்லோடு உடன் வந்த கூட்டத்தைப் பார்ப்பது நல்ல வழி. ஆங்கிலத்தில் 'க்ரூப்பர்' என வழங்கும் மீனின் பெயர் போர்த்துகீசிய 'கரோப்பா'விலிருந்து வந்தது; 'அல்பகோர்' என்ற சூரை வகையின் பெயர் அரபியிலிருந்து போர்த்துகீசியத்தின் வழியாகவே வந்தது. வெப்பக் கடல்களின் மீன்களுக்கு ஆங்கிலேயர் போர்த்துகீசிய மாலுமிகளிடம் பெயர் கற்றனர் என்பதற்கு இவை துணைச் சாட்சிகள். ஆண்டைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை: 1620கள் என்று அகராதி தருவது எழுத்தில் கிடைத்த பழைய சான்றின் காலத்தையே ஆகும். சொல் அன்றுதான் பிறந்தது என்று அதற்குப் பொருளில்லை. மாலுமிகளின் வாயில் அது அதற்கு முன்பே புழங்கியிருக்கலாம்.

நான் தடுக்கி விழுந்த இடம்

இந்த ஒழுங்கை அறியாத காலத்தில் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஸ்பானியத்தில் 'மொரேனா' என்றால் மாநிறப் பெண், கருங்கூந்தல் பெண் என்றும் பொருள் உண்டு. மீனும் பழுப்பு நிறம், பெயரும் ஒன்று. 'பழுப்பு நிறத்தவள் என்பதால் இந்த விலாங்குக்கு இப்பெயர்' என்று என் குறிப்பேட்டில் எழுதி, அழகான கண்டுபிடிப்பு என்று மகிழ்ந்து, அடிக்கோடும் இட்டேன். பல மாதங்கள் கழித்துத்தான் அதை அடிக்க நேர்ந்தது. நிறத்தைக் குறிக்கும் சொல், வட ஆப்பிரிக்க மக்களைக் குறித்த இலத்தீன் 'மௌருஸ்' என்பதன் வழியாக 'மோரோ'விலிருந்து வருவது. மீனின் பெயரோ 'மூரைனா'விலிருந்து வருவது. இரண்டு வெவ்வேறு ஊற்றுகளிலிருந்து புறப்பட்ட நீர் ஒரே பள்ளத்தில் தேங்கியதைப் போல, இரண்டும் ஸ்பானியத்தில் ஒரே வடிவம் பெற்றன. இத்தாலிய 'மூரேனா'வை ஒரு முறை எழுதிப் பார்த்திருந்தாலே, நிறச்சொல்லுக்கு அங்கே இடமில்லை என்று தெரிந்திருக்கும். ஒரே ஒரு மொழியில் மட்டும் பொருந்தும் விளக்கத்தை நம்பக் கூடாது என்று அன்று கற்றேன்.

வடிவ ஒற்றுமையால் ஏமாற்றும் சொற்கள் வேறு சிலவும் உள்ளன. ஸ்காட்லாந்தின் வடகிழக்கில் உள்ள மோரே என்ற பகுதி ஆங்கில எழுத்தில் இந்த மீனைப் போலவே எழுதப்படுகிறது. ஆனால் அது 'மரி' என்று ஒலிக்கும், கடலோரக் குடியிருப்பு என்ற பொருளுடைய பழைய கெல்திக் சொற்களிலிருந்து வந்த பெயர். பெரு நாட்டில் வட்ட வட்டமான இன்காப் படிக்கட்டு நிலங்கள் உள்ள மொராய்க்கும் அதே எழுத்துக்கூட்டல்தான். பனியாறு தள்ளிக் குவித்த கல்மண் மேட்டைக் குறிக்கும் 'மொரேன்' என்ற சொல்லும் தனி வழியில் வந்தது. இவற்றைத் தேடல் பட்டியலிலிருந்து முதலிலேயே நீக்கிவிடலாம்.

இலத்தீனிலிருந்து கிரேக்கத்துக்கு

அடுத்த கண்ணி, இலத்தீன் 'மூரைனா' கிரேக்கத்திலிருந்து வாங்கப்பட்டதா, அல்லது இரண்டும் ஒரே பழைய மூலத்திலிருந்து தனித்தனியே வந்தனவா என்பது. இங்கே எழுத்துக்கூட்டல் உதவுகிறது. கிரேக்கச் சொல்லின் முதல் உயிர், உகரத்துக்கும் இகரத்துக்கும் இடைப்பட்ட ஒலி. கிறிஸ்துவுக்கு முந்தைய முதல் நூற்றாண்டு முதல், படித்த உரோமர் இந்த ஒலியை எழுதவென்றே கிரேக்க எழுத்து ஒன்றைக் கடன் வாங்கிப் பயன்படுத்தத் தொடங்கினர். அதற்கு முன் வந்த கடன்சொற்களில் அதே ஒலி வெறும் உகரமாகவே எழுதப்பட்டது. 'மூரைனா' உகரத்தோடு இருக்கிறது. எனவே அது ஏட்டின் வழியாக வராமல், மீன் விற்பவர், சமைப்பவர் வாய் வழியாக முன்னரே வந்து சேர்ந்த சொல். இந்த ஊகத்தைக் காலச் சான்றும் உறுதி செய்கிறது: கி.மு. 200ஐ ஒட்டி எழுதிய பிளாவுட்டஸின் நாடகம் ஒன்றில், அடிவாங்கப் போகும் வேலைக்காரன் ஒருவன், 'இவன் என்னை மூரைனாவைப் போல முள்ளெடுக்கப் பார்க்கிறான்' என்று அஞ்சுகிறான். பார்வையாளர் சிரிக்க வேண்டுமானால், அந்த மீனும் அதன் பெயரும் அன்றே தெருவில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

கிரேக்கத்துக்குள் வந்ததும் சொல்லை இரண்டாகப் பிரிக்க முடிகிறது. 'ஐனா' என்பது பெண்பால் விகுதி: சிங்கம் 'லெயோன்', பெண் சிங்கம் 'லெயைனா', ஓநாய் 'லூக்கோஸ்', பெண் ஓநாய் 'லூக்கைனா', பன்றியைக் குறிக்கும் 'ஹூஸ்' என்பதோடு இதே விகுதி சேர்ந்து கழுதைப்புலியின் பெயரான 'ஹூவைனா' பிறந்தது. அப்படியானால் 'மூரைனா'வுக்கு ஓர் ஆண்பால் வடிவம் இருக்க வேண்டும், இருக்கிறது. அரிஸ்டாட்டில் தம் விலங்கியல் நூலில் 'ஸ்மூரோஸ்' என்ற மீனையும் 'ஸ்மூரைனா'வையும் அடுத்தடுத்து வைத்து, முன்னது ஒரே நிறமும் வலிமையும் உடையது, பின்னது புள்ளிகள் கொண்டது, வலிமை குறைந்தது என்று வேறுபடுத்தி, இவை ஆணும் பெண்ணும் என்று சிலர் சொல்வதாகவும் குறிக்கிறார். சொல்லின் தொடக்கத்தில் ஸகரம் வந்தும் வராமலும் இருப்பது கிரேக்கத்தில் புதிதன்று. சிறியது என்ற பொருளுடைய 'மிக்ரோஸ்' என்பதற்கு 'ஸ்மிக்ரோஸ்' என்ற வடிவமும் உண்டு.

இந்தப் பெண்பால் விகுதி மீனின் மீதே ஒரு கதையைக் கட்டிவிட்டது என்பது எனக்கு இந்தத் தேடலில் மிகவும் பிடித்த பகுதி. 7ஆம் நூற்றாண்டில் செவில் நகர ஆயராக இருந்த இசிதோர், மூரைனாக்களில் பெண் மட்டுமே உண்டு, அவை பாம்பினால் கருவுறுகின்றன, ஆகவேதான் மீனவர் பாம்பைப் போலச் சீழ்க்கை அடித்து அவற்றை வரவழைக்கின்றனர் என்று எழுதிவைத்தார். இந்தக் கதைக்குப் பின்னால் பெயரின் இலக்கணப் பாலும் இருந்திருக்கும் என்பது என் கருத்து. வட்டமாகச் சுருண்டுகொள்வதால் கிரேக்கர் அப்பெயரிட்டனர் என்று அவர் தரும் சொற்பிறப்பும் இத்தகையதே. சுருள்வது உண்மை, ஆனால் சுருளைக் குறிக்கும் எந்த வேரையும் அந்தப் பெயருக்குள் காட்ட முடியாது. மீனைப் பார்த்துவிட்டுப் பெயருக்குக் காரணம் கற்பிப்பது எல்லா மொழிகளிலும் நடப்பது.

'மூரோஸ்' என்பதற்கு அப்பால் ஐயமற நிறுவப்பட்ட வேர் இல்லை. கிரேக்கர் அந்தக் கடற்கரைகளுக்கு வருமுன் அங்கே வாழ்ந்த மக்களின் சொல்லாக இருக்கலாம் என்று கருதுவோரும் உண்டு. தேடுபவர் நிற்க வேண்டிய இடம் இது. இதற்கு மேல் இன்னொரு கண்ணியைச் செய்து மாட்டினால், நிறுவிய கண்ணிகளின் நம்பகமும் கெட்டுவிடும்.

கிளைகளைக் குறித்தல்

வேரைக் கண்டபின் கிளைகளைக் குறிப்பது எளிய வேலை. உரோமில் லிக்கினியுஸ் என்ற குடியின் ஒரு கிளைக்கு 'மூரேனா' என்பதே பட்டப்பெயர், கி.மு. 62இல் கான்சலாக இருந்த லூக்கியுஸ் லிக்கினியுஸ் மூரேனாவுக்காகச் சிசரோ வாதாடிய உரை இன்றும் கிடைக்கிறது. முன்னோர் வென்ற நாடுகளின் பெயரைச் சூடியதைப் போல இவர்கள் பிடித்த மீன்களின் பெயரைச் சூடினர் என்று வேளாண்மை நூல் எழுதிய கொலுமெல்லா எள்ளி நகையாடுகிறார். 1758இல் லின்னேயஸ் தம் வகைப்பாட்டில் 'முரேனா' என்பதைப் பேரினப் பெயராக வைத்தபோது, ஐரோப்பிய நன்னீர் விலாங்கையும் கொங்கர் விலாங்கையும்கூட அதற்குள்ளேயே போட்டிருந்தார். அவை பின்னர் வெளியே எடுக்கப்பட்டன. ஆகவே அந்தக் காலத்து நூலில் 'முரேனா' என்று கண்டால், அது மோரேதானா என்று இரண்டாம் பெயரையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். இன்று மோரேக்களில் பல 'ஜிம்னோதோராக்ஸ்' என்ற பேரினத்தில் உள்ளன. வெற்று மார்பு என்று பொருள்படும் அந்தப் பெயர், மார்புத் துடுப்பு இல்லாமையைச் சுட்டுகிறது.

தமிழில் எழுதும்போது

மோரேயைத் தமிழில் எப்படி எழுதுவது என்ற கேள்விக்கும் இதே முறை பயன்படும். 'விலாங்கு' என்பது பொதுச்சொல். பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டும் விலாங்கு என்ற வழக்கு, அதன் உருவத்தை நம் முன்னோர் எவ்வளவு கூர்ந்து பார்த்தனர் என்பதைக் காட்டுகிறது. ஆனால் விலாங்கையும் 'விலங்கு' என்பதையும் ஒலி நெருக்கத்தை மட்டும் வைத்து முடிச்சுப் போடுவது, இசிதோர் செய்த வேலையையே நாமும் செய்வதாகும். நெடிலும் குறிலும் மாறியதற்கு அதே வகையில் மாறிய வேறு சொற்களைக் காட்ட முடிந்தால் மட்டுமே அந்தப் பேச்சை எடுக்கலாம். 'மலங்கு' என்பது பழைய சொல். 'மலங்கு மிளிர் செறுவின்' என்று புறநானூற்றின் 61ஆம் பாட்டில் வருகிறது. மலையாளத்தின் 'மலஞ்ஞில்' அதற்கு உறவு. ஆயினும் பாட்டைக் கவனித்தால், அந்த மலங்கு புரள்வது வயலில். செறு என்பது நீர் நின்ற நெல்வயல். அங்கே வாழ்வது நன்னீர் விலாங்கேயன்றிப் பவளப்பாறை மோரே ஆகாது. எனவே பழமையின் மீதுள்ள ஆசையால் மோரேக்கு மலங்கு என்று பெயர் சூட்டினால், உரோம மூரைனாவை லாம்ப்ரே ஆக்கிய மொழிபெயர்ப்பாளரின் பிழையைத் தமிழில் திரும்பச் செய்தவராவோம். கடலோரத் தமிழில் மோரே வகைக்கு 'அஞ்சாலை' என்ற பெயர் வழங்குகிறது. உயிரைப் பற்றி எழுதும்போது அந்தப் பெயரையும், சொல்லின் வரலாற்றைப் பற்றி எழுதும்போது 'மோரே' என்பதையும் கொண்டு, முதன்முறை வரும் இடத்தில் இரண்டையும் சேர்த்து 'மோரே எனப்படும் அஞ்சாலை விலாங்கு' என்று எழுதுவதே என் வழக்கம்.